கேம் கன்சோலுக்கு மோட் சிப் போடுற தொழில்: அம்மா வளையலை அடகு வைக்கலாமா?



வழக்கமா நாம எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், தங்கக் கடன்னு பேசுவோம். இன்னைக்கு வீடியோ கேம் பத்திப் பேசப் போறேன். பயப்படாதீங்க, சேனல் மாறலை. கடைசியில வந்து நிக்கப் போறது தங்கக் கடன்லதான்.

போன மார்கழி, சுசீந்திரம் தேரோட்டம். தேர் நிலைக்கு வந்தாச்சு, ரத வீதியில கூட்டம் கலையுது. நான் மைனி வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ரசவடை சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். மைனி மகன் பக்கத்துல வந்து உட்கார்ந்தான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடிச்சவன். நாகர்கோவில்ல ஒரு மொபைல் சர்வீஸ் கடையில ரெண்டு வருஷமா வேலை. மாசச் சம்பளம் 14,000.

"சித்தப்பா, ஒரு அறுபதாயிரம் வேணும். நீங்க தராண்டாம். அம்மைகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்த வளையலை வச்சு எடுத்துக்கிடுகேன்."

"எதுக்குலே?"

"ஸ்விட்ச்சுக்கு சிப் போடப் போறேன்."

மைனி உள்ளேருந்து எட்டிப் பார்த்தாங்க. "கரண்டு வேலையா தம்பி?"ன்னு என்கிட்ட கேட்டாங்க. லைட் ஸ்விட்ச்னு நினைச்சுட்டாங்க. அவன் சொன்னது நின்டெண்டோ ஸ்விட்ச். கையிலயும் வச்சு ஆடலாம், டிவியிலயும் மாட்டலாம், அந்த கேம் கன்சோல். அதுக்குள்ள ஒரு சின்ன சிப்பை சால்டர் பண்ணிட்டா, காசு கொடுத்து வாங்காத கேமையும் ஓட்டலாம். இதைத்தான் மோட் சிப்னு சொல்றாங்க.

மொபைல்ல கணக்கே போட்டு வச்சிருந்தான். மைக்ராஸ்கோப் 18,000. ஹாட் ஏர் ஸ்டேஷனும் சால்டரிங் அயனும் 9,000. பத்து செட் சிப், ஒயர், அடாப்டர் 18,000. பழகிப் பார்க்க ஒரு பழைய ஸ்விட்ச் 12,000. சில்லறைச் சாமான் 3,000. மொத்தம் 60,000. ஒரு கன்சோலுக்குக் கூலி 5,000. மாசம் பத்து வந்தா 50,000. சிப் காசு போக 32,000 கையில நிக்கும். ரெண்டே மாசத்துல வளையல் வீட்டுக்கு வந்துரும்.

பார்க்கக் கொள்ளாம். நம்மகிட்ட சைடு இன்கம் ஐடியா கேட்டு வர்ற பாதிப் பேர் இந்த மாதிரி ஒரு கணக்கோடதான் வர்றாங்க. வரவு இருக்கும், செலவும் இருக்கும். ஒரு வரி மட்டும் விட்டுப் போயிருக்கும். அந்த வரிக்கு அப்புறம் வர்றேன். முதல்ல இந்த சிப் என்ன செய்யுதுன்னு பார்த்துரலாம். அது தெரியாம இந்தத் தொழில்ல ரிஸ்க் யார் தலையில விழும்னு புரியாது.

வாசல்ல நிக்கிறவனை ஏமாத்துற வேலை

சோனியோட முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பர்ல ஜப்பான்ல வந்துச்சு. கேம் எல்லாம் சிடியில. சிடியைக் காப்பி அடிக்கிறது சுலபம்னு சோனிக்குத் தெரியாதா? அதனால ஒரிஜினல் டிஸ்க்கோட உள்வட்டத்துல இருக்கிற தடத்தை ரொம்ப மெல்லிசா நெளிய விட்டாங்க. அந்த நெளிவுக்குள்ள நாலு எழுத்து ஒளிஞ்சிருக்கும். ஜப்பான் டிஸ்க்னா எஸ்சிஇஐ, அமெரிக்கான்னா எஸ்சிஇஏ, ஐரோப்பான்னா எஸ்சிஇஇ. வீட்டுல இருக்கிற சிடி ரைட்டர் டிஸ்க்ல இருக்கிற டேட்டாவைக் காப்பி அடிக்கும், இந்த நெளிவைக் காப்பி அடிக்காது. கன்சோல் அந்த நாலு எழுத்தைத் தேடும். கிடைக்கலைன்னா உள்ள விடாது.

கல்யாண மண்டபத்துல பந்திக்கு டோக்கன் கேட்டு ஒருத்தர் நிப்பார் இல்லையா, அதே கதை. மோட் சிப் செஞ்சது ரொம்பச் சின்ன வேலை. கன்சோலுக்குள்ளயே உட்கார்ந்துக்கிட்டு, அந்த நாலு எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருக்கும். டோக்கன் கேட்கிறவர் காதுக்குப் பின்னால நின்னு "டோக்கன் இருக்கு, டோக்கன் இருக்கு"ன்னு கத்துற ஆள் மாதிரி. சில ரூபாய்க்குக் கிடைக்கிற மைக்ரோ கண்ட்ரோலர் ஒண்ணு, அஞ்சாறு ஒயர். அவ்வளவுதான்.

2000-ல பிளேஸ்டேஷன் 2 வந்துச்சு. உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல வித்த கன்சோல். இதுல பாதுகாப்பு கூடுதல், ஒயரும் கூடுதல். அந்தக் காலத்துல நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு வீடு ஒரு மாமாவோ சித்தப்பாவோ வளைகுடாவுல இருப்பார். பெட்டியில ஒரு பிஎஸ் 2 வரும். சிங்கப்பூர்ல இருக்கிற இன்னொரு மாமா ஆசையா டிஸ்க் வாங்கிட்டு வருவார், அது ஓடாது. ஏன்னா கன்சோல் ஒரு மண்டலம், டிஸ்க் வேற மண்டலம். காசு கொடுத்து வாங்கின டிஸ்க்கை ஓட்டுறதுக்கே சிப் போட்டவங்களும் உண்டு. சிப் போட்டவன் எல்லாம் திருடன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் சிப் போட்டது காப்பி டிஸ்க் ஓட்டத்தான். ஒத்துக்கிடுகேன்.

என் பழைய நோட்டுல இருக்கிற கணக்கு

2006. வேலைக்குச் சேர்ந்த புதுசு. துபாய்ல இருந்து மாமா ஒரு ஸ்லிம் பிஎஸ் 2 கொண்டு வந்தார். சென்னைக்குப் போனப்ப ஒரு கடையில (பேர் வேண்டாம்) சிப் போட்டேன். கூலியோட 1,800 ரூபாய். காப்பி டிவிடி ஒண்ணு 80 ரூபாய்.

நோட்டுல எழுதி வைக்கிற கிறுக்கு எனக்கு அப்பவே உண்டு. அதனால இன்னைக்கும் சொல்ல முடியுது. ரெண்டு வருஷத்துல 64 டிஸ்க் வாங்கியிருக்கேன். 5,120 ரூபாய். காப்பி டிஸ்க் ஒரிஜினல் அளவுக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, அதைப் படிக்க லென்ஸ் திணறும். என் லென்ஸ் ரெண்டு தடவை போச்சு, தடவைக்கு 1,200. ஆக 2,400. சிப்பையும் சேர்த்தா மொத்தம் 9,320.

64 டிஸ்க்ல நான் கடைசி வரைக்கும் ஆடி முடிச்சது எத்தனை தெரியுமா? ஒன்பது. மத்ததெல்லாம் பத்து நிமிஷம் போட்டுப் பார்த்துட்டு உறைக்குள்ள போட்டது. 9,320-ஐ ஒன்பதால வகுத்துப் பாருங்க. ஒரு கேமுக்கு ஆயிரத்துச் சொச்சம். அந்த ஒன்பதையும் யாராவது ஆடி முடிச்ச ஒரிஜினலா வாங்கியிருந்தா ஏறக்குறைய அதே காசுதான் ஆகியிருக்கும். அதுக்கப்புறம் அதை வித்தும் இருக்கலாம். காப்பி டிஸ்க்கை யார்கிட்ட விக்க?

"80 ரூபாய்தானே"ன்னு நினைச்சு நினைச்சு வாங்கினதுதான் அந்த 64. நீங்க ஆன்லைன் சேல்ல 199 ரூபாய்க்கு வாங்கிக் குவிக்கிறீங்களே, அதே வியாதி.

இன்னொரு விஷயமும் அப்ப நடந்துச்சு. 2008-ல ஃப்ரீ மெக்பூட்னு ஒரு மென்பொருள் வந்துச்சு. சாதாரண மெமரி கார்டுல ஏத்திட்டா போதும், சிப் செஞ்ச வேலையில பாதிக்கு மேல அதுவே செஞ்சுரும். சால்டரிங்கே வேண்டாம். சிப்பை வாங்கி அடுக்கி வச்சிருந்த கடைக்காரங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க. முந்தின நாள் வரைக்கும் 1,800 ரூபாய் வேலை, மறுநாள் ஒரு மெமரி கார்டு விலை. இந்தத் தொழில்ல இது ஒரு தடவை மட்டும் நடந்ததில்லை.

ஸ்விட்ச் கதை

2017-ல ஸ்விட்ச் வந்துச்சு. 2018 ஏப்ரல்ல அதோட பிராசஸர்ல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. வலது பக்கக் கண்ட்ரோலர் மாட்டுற தடத்துல ரெண்டு முனையை ஒரு சின்னக் கம்பியால இணைச்சாப் போதும், கன்சோல் திறந்துக்கும். சிப்பே தேவையில்லை. நின்டெண்டோ அதுக்கப்புறம் வந்த மாடல்கள்ல இதை அடைச்சுட்டாங்க. அடைச்ச உடனே சிப்புக்கு மறுபடி வேலை வந்துச்சு. 2020-ல டீம் எக்ஸிகியூட்டர்ங்கிற குழு எஸ்எக்ஸ் கோர், எஸ்எக்ஸ் லைட்னு ரெண்டு சிப் வித்தாங்க.

இந்தச் சிப் டோக்கன் இருக்குன்னு கத்துற ரகம் இல்லை. கன்சோல் ஆன் ஆகும்போது "இது நின்டெண்டோ கையெழுத்துப் போட்ட மென்பொருள்தானா"ன்னு பிராசஸர் சரிபார்க்கும். சரியா அந்த நொடித்துளியில பிராசஸருக்குப் போற மின்னழுத்தத்தை ஒரு கணம் கீழ இழுத்துவிடும் இந்தச் சிப். பிராசஸர் தடுமாறி, சரிபார்க்கிறதை விட்டுட்டுத் தாண்டிப் போயிரும். டோக்கன் கேட்கிறவருக்கு ஒரு நிமிஷம் தலைசுத்தல் வர வைக்கிற மாதிரி.

அந்தக் குழுவைச் சேர்ந்தவங்களை 2020-லயே கைது பண்ணினாங்க, சிப் விற்பனை நின்னுச்சு. 2023 வாக்குல என்ன ஆச்சுன்னா, ராஸ்பெரி பை விக்கிற ஆர்பி 2040-ங்கிற ஒரு டாலர் மைக்ரோ கண்ட்ரோலரை வச்சே அதே வேலையைச் செய்யலாம்னு ஆகிப்போச்சு. சிப் விலை தரைமட்டம். மைனி மகன் வாங்க நினைச்சது இந்த ரகம்தான்.

இங்கதான் நான் முதல் கேள்வி கேட்டேன். "மக்கா, சிப் இவ்வளவு மலிவுன்னா, 5,000 ரூபாய் எதுக்குத் தருவான்?"

"கைவேலைக்கு சித்தப்பா. ஓலெட் மாடல்ல ஒரு பாயிண்ட் மெமரி சிப்புக்கு அடியில இருக்கு. அதுக்குக் கீழ அடாப்டரைத் தள்ளணும், இல்லைன்னா மெமரி சிப்பையே தூக்கணும். எல்லாராலயும் முடியாது."

"உன்னால முடியுமா?"

"பழகிருவேன்."

விட்டுப் போன வரி

"பழகிருவேன்"ங்கிறதுக்கு ஒரு விலை இருக்கு. அதுதான் அவன் கணக்குல இல்லாத வரி.

ஒரு வேலைக்குக் கூலி 5,000, சாமான் 1,800, மிச்சம் 3,200. சரி. மேஜையில இருக்கிற கன்சோல் யாரோடது? வாடிக்கையாளரோடது. நின்டெண்டோ ஸ்விட்ச்சை இந்தியாவுல அதிகாரபூர்வமா விக்கிறதில்லை. எல்லாமே வெளிநாட்டுல இருந்து வந்த சரக்கு, இங்க கம்பெனி வாரண்டி இல்லை. போர்டு போச்சுன்னா அவன் புதுசு வாங்கித்தான் கொடுக்கணும். 26,000-ன்னு வச்சுக்கோங்க.

புதுசாப் பழகுறவன் பத்துல ஒண்ணைக் கெடுப்பான்னு எடுத்துக்கிட்டேன். இது என் அனுமானம்தான், நீங்க மாத்திப் போட்டுப் பார்க்கலாம். நல்லா முடிஞ்ச ஒன்பது வேலை, 3,200 வீதம் 28,800. கெட்டுப்போன ஒண்ணுக்கு 26,000, அதுக்குப் போட்ட சாமான் 1,800, ஆக 27,800 போச்சு. பத்து கன்சோலைத் திறந்து மூடினதுக்கு மிச்சம் 1,000 ரூபாய்.

அறுபதாயிரத்துக்கு நூத்துக்கு ஒரு ரூபா வட்டின்னாலே மாசம் 600.

அவன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பத்துல ஒண்ணுங்கது ஓவர் சித்தப்பா. நான் மொபைல் போர்டு வேலை பார்க்கவன்"ன்னான். நியாயம்தான். இருபதுல ஒண்ணுன்னு மாத்திப் போட்டோம். 19 வேலைக்கு 60,800. அதுல 27,800 கழிச்சா 33,000. மாசம் பத்து வந்தா இது ரெண்டு மாச வருமானம். மாசத்துக்கு 16,500. வட்டி போக 15,900. கடையில வாங்குற சம்பளம் 14,000. வித்தியாசம் 1,900 ரூபாய்.

அதுவும் மாசம் பத்து கன்சோல் வந்தா! "உனக்குத் தெரிஞ்சு ஸ்விட்ச் வச்சிருக்கவன் எத்தனை பேர்?"னு கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். நாகர்கோவில்ல மூணு பேர், மார்த்தாண்டத்துல ஒருத்தன். திருவனந்தபுரத்துல நிறைய இருப்பாங்கன்னான். இருக்கலாம். அவங்க அங்கேயே ஆள் பார்க்க மாட்டாங்களா?

ஒருத்தன் ஒரு தடவைதான் சிப் போடுவான். திரும்ப வரமாட்டான். வந்தா சண்டை போடத்தான் வருவான். அப்டேட் பண்ணினேன் ஓடலை, ஆன்லைன் போனேன் தடை பண்ணிட்டான்னு.

சட்டம் என்ன சொல்லுது?

இதை நான் முதல்ல சொல்லலை, வேணும்னேதான். சட்டம்னு ஆரம்பிச்சா இளவட்டங்க காதை மூடிக்கும். காசுக் கணக்கு முடிஞ்சப்புறம் சொன்னாக் கேட்பாங்க.

"ஆஸ்திரேலியாவுல சிப் போடுறது சரின்னு கோர்ட்டே சொல்லிருக்கு"ன்னு அவன் ஆரம்பிச்சான். உண்மைதான், பாதி உண்மை. 2005 அக்டோபர்ல அங்கத்து உயர்நிலை நீதிமன்றம் ஸ்டீவன்ஸ் எதிர் சோனி வழக்குல, முதல் பிளேஸ்டேஷனுக்குச் சிப் போட்டு வித்தவர் பக்கம் தீர்ப்புச் சொல்லுச்சு. அடுத்த வருஷமே அந்த நாடு சட்டத்தைத் திருத்திருச்சு. அந்தப் பாதியை அவன் பார்த்த வீடியோவுல சொல்லலை.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 2012-ல ஒரு திருத்தம் வந்துச்சு. அந்த வருஷம் ஜூன் 21-ல அமலுக்கு வந்துச்சு. அதுல பிரிவு 65ஏ. பதிப்புரிமையைக் காக்கப் போட்டிருக்கிற தொழில்நுட்பப் பூட்டை, அந்த உரிமையை மீறுற நோக்கத்தோட உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, அபராதமும் உண்டு.

"நோக்கத்தோட"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. சட்டம் தடுக்காத காரியத்துக்காகப் பூட்டைத் திறக்க அதே பிரிவு இடம் விடுது. ஆனா அடுத்தவனுக்காகத் திறந்து கொடுக்கிறவன் ஒரு பதிவேடு வைக்கணும். யாருக்குச் செஞ்சான், பேர், முகவரி, அடையாள விவரம், எந்த நோக்கத்துக்காக, எல்லாம் முழுசா எழுதி வைக்கணும்.

இதை வாசிச்சுக் காட்டினதும் அவன் சிரிச்சுட்டான். "பேரு, அட்ரஸ், நோக்கம்னு நோட்டை நீட்டினா ஒருத்தனும் வரமாட்டான் சித்தப்பா."

அதேதான். நோட்டு வைக்க முடியலைன்னா என்ன அர்த்தம்? நோட்டு இல்லாட்டியும் யூபிஐ-ல வந்த 5,000 ரூபாய்க்குத் தடம் இருக்கும். அதுல வாடிக்கையாளர் பேரும் இருக்கும், தேதியும் இருக்கும். நாமளே எழுதாத பதிவேட்டை பேங்க் எழுதி வச்சிருக்கும்.

ஆடுறவங்களுக்கும் ஒரு பிரிவு உண்டு, 63பி. காப்பின்னு தெரிஞ்சே கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்தினா 7 நாள்ல இருந்து 3 வருஷம் சிறை, 50,000-ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். லாபத்துக்காக இல்லைன்னா சிறை இல்லாம 50,000 வரைக்கும் அபராதத்தோட விட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. நம்ம மாநிலத்துல 2004-ல இருந்து வீடியோ பைரசியைக் குண்டர் சட்டத்துல சேர்த்திருக்காங்களே, அதுல உள்ள போட்டுருவாங்களான்னு மைனி பதறிட்டாங்க. அது சினிமாவையும் பாட்டையும் காப்பி அடிக்கிறவங்களுக்கு, கேம் சிப்புக்கு இல்லைன்னு சொல்லிச் சமாதானப்படுத்தினேன். நான் வக்கீல் இல்லை. இந்த மாதிரி தொழில்ல இறங்குறவங்க ஒரு வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்துக் கேட்டுக்கிடறது நல்லது. அந்த ஃபீஸும் முதலீட்டுல ஒரு வரிதான்.

சம்பளக்காரன் தலையில 14.5 மில்லியன் டாலர்

மேல சொன்ன எஸ்எக்ஸ் சிப் குழுவுல கேரி பௌசர்னு ஒரு கனடாக்காரர் இருந்தார். டொமினிகன் குடியரசுல வசிச்சவர், 2020-ல பிடிபட்டு அமெரிக்காவுக்குக் கொண்டு போகப்பட்டார். 2022 பிப்ரவரியில 40 மாசச் சிறை. நின்டெண்டோவுக்கு 4.5 மில்லியன் டாலர் இழப்பீடு கட்டணும். தனியா நடந்த சிவில் வழக்குல இன்னொரு 10 மில்லியன். ஆக 14.5 மில்லியன்.

அந்தக் குழுவுல அவர் தலைவர் இல்லை. வெப்சைட்டைப் பார்த்துக்கிட்டவர். ஏழு வருஷத்துல அவர் கைக்கு வந்தது சுமார் 3,20,000 டாலர்னுதான் வழக்குல வந்த கணக்கு. சம்பாதிச்சதைப் போல 45 மடங்கு கடன்! சிறையில செஞ்ச வேலைக்கு வந்த காசுல மாசம் 25 டாலர் கட்டினதாவும், வெளிய வந்தப்புறம் வர்ற வருமானத்துல 25-ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் போகும்னும் அவரே பேட்டியில சொன்னார். ஐம்பது வயசைத் தாண்டின மனுஷன்.

சுசீந்திரத்துல பத்து கன்சோலுக்குச் சிப் போடுற பையனைத் தேடி நின்டெண்டோ வக்கீல் ரத வீதிக்கு வந்து நிப்பார்னு நான் சொல்லலை. வரமாட்டாங்க. நான் பார்க்கிறது பங்கு பிரிச்ச விதத்தை. லாபத்துல அவருக்குச் சின்னப் பங்கு, நஷ்டத்துல முழுப் பங்கு. நம்ம பையன் கணக்கும் அதே அமைப்புதான். சிப் விக்கிறவனுக்கு வித்ததும் காசு வந்துரும். ஆடுறவனுக்கு ஓசியில கேம். போர்டு போனா மட்டும் மைனி வளையல்.

நீங்க பழைய கன்சோல் வாங்குறவங்களா?

பிள்ளைகள் கேட்குதுன்னு செகண்ட் ஹேண்ட்ல ஸ்விட்ச் வாங்க நினைக்கிறவங்க நிறைய பேர் இருப்பீங்க. உங்களுக்கு ஒரு விஷயம். சிப் போட்டது தெரிஞ்சா நின்டெண்டோ தடை பண்றது ஆளை மட்டும் இல்லை, அந்தக் கன்சோலையே. வித்தவன் கையைக் கழுவிட்டுப் போயிருவான், தடை உங்க வீட்டுக்கு வரும். 2025 ஜூன்ல ஸ்விட்ச் 2 வந்து கொஞ்ச நாள்லயே, மிக்-ங்கிற ஃபிளாஷ் கார்டைப் போட்டவங்களோட கன்சோலை ஆன்லைன்ல இருந்து துண்டிச்சாங்க. அதுக்கு முந்தின மாசமே அமெரிக்காவுல ஒப்பந்த விதியை மாத்தி, விதியை மீறினா கருவியை நிரந்தரமாச் செயல் இழக்க வைக்கலாம்னும் சேர்த்துட்டாங்க.

அதனால காசு கொடுக்கிறதுக்கு முன்னால வைஃபையில இணைச்சு இ-ஷாப் திறக்குதான்னு பாருங்க. திறக்கலைன்னா எழுந்து வந்துருங்க. "ஐம்பது கேம் உள்ளயே இருக்கு"ன்னு யாராவது ஆசை காட்டினா, அதுவே போதும் எச்சரிக்கை.

கேம் விலை அதிகம்ங்கிறது உண்மைதான், அதை நான் மறுக்கலை. 2021 பிப்ரவரியில பிஎஸ் 5 இங்க வந்தப்ப சோனியோட சொந்த கேம் ஒண்ணு 4,999 ரூபாய். ஒரு குடும்பத்தோட மாசப் பலசரக்குச் செலவு. ஆனா வாங்கித்தான் வச்சிருக்கணும்னு யார் சொன்னா? பழைய டிஸ்க்கோ கார்ட்ரிட்ஜோ 3,000-க்கு வாங்கி, ரெண்டு மாசம் ஆடி, 2,500-க்கு வித்தா செலவு 500. வருஷத்துக்கு ஆறு கேம் ஆடினாலும் மூவாயிரம்தான் ஆகும். அதுக்கு மேல ஆட எந்தப் பிள்ளைக்கு நேரம் இருக்கு? 64 டிஸ்க் வாங்கி ஒன்பது ஆடினவன் சொல்றேன்.

அப்புறம் என்ன ஆச்சு?

அன்னைக்கு மைனிகிட்ட நான் ஒரு வார்த்தையும் சொல்லலை. அவன்தான் ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணினான். "சித்தப்பா, சிப் வேண்டாம். ஆனா அந்தக் கைவேலை வேணும்."

கன்சோல்ல கெட்டுப் போறது என்னென்னன்னு பட்டியல் போட்டான். டிவி கேபிள் சொருகுற எச்டிஎம்ஐ போர்ட் உடையும். கண்ட்ரோலர்ல குச்சி தானா நகரும். உள்ள தூசி அடைச்சு விசிறி அலறும். கடலோர ஊர்கள்ல உப்புக்காத்து வேற, கனெக்டர் எல்லாம் பச்சை பிடிச்சுப் போகும். இதுல எதுக்கும் பதிவேடு வேண்டாம், பயம் வேண்டாம், பில்லே போட்டுக் கொடுக்கலாம். பிஎஸ் 4, பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் எல்லாத்துக்கும் பொருந்தும், ஸ்விட்ச்சுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சீட்டு எடுத்த பணம் 20,000 இருந்துச்சு. ஹாட் ஏரும் அயனும் 9,000, சின்ன டிஜிட்டல் மைக்ராஸ்கோப் 4,500, உதிரிச் சாமான் 6,500. கடை வேலையை விடலை. ராத்திரி ஏழரையில இருந்து பத்து மணி வரைக்கும் வீட்டுல. முதல் மாசம் 11 வேலை, வரவு 9,400, சாமான் 2,900. ஒரு கண்ட்ரோலர் ரிப்பனைக் கிழிச்சுட்டான், அதுல 450 போச்சு. மிச்சம் 6,050. ரெண்டாவது மாசம் ஏழு வேலைதான் வந்துச்சு. பள்ளிக்கூடப் பரீட்சை நேரம், அப்பா அம்மாங்க கன்சோலைத் தூக்கி அலமாரியில வச்சிருப்பாங்க. மூணாவது மாசக் கணக்கு இன்னும் என்கிட்ட வரலை, கேட்டிருக்கேன்.

போன வாரம் என் பழைய பிஎஸ் 2-ஐப் பரண்ல இருந்து இறக்கி அவன்கிட்ட கொடுத்தேன். லென்ஸ் மூணாவது தடவையாப் போயிருந்துச்சு. திறந்தான். 2006-ல போட்ட சிப் அப்படியே இருந்துச்சு, மஞ்சள் பிடிச்ச டேப்புக்குக் கீழ. சால்டரை மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டு, "எவன் சித்தப்பா போட்டான் இதை, புட்டு மாதிரி இருக்கு"ன்னான்.

லென்ஸ் மாத்தினதுக்கு 650, கூலி 300. "சித்தப்பாவுக்கே கூலியா?"ன்னு கேட்டுப் பார்த்தேன். பில்லைக் கையில கொடுத்துட்டான்.